பூட்டின நாட்டுத் தலைவரும் வேணுகாவின் புட்டும்

தவச்செல்வன் கதைக்கத் தொடங்கினால் மற்றவர்களுக்கு முறை வராது. அன்றும் வரவில்லை. சுவிஸில், பேர்ண் நகரத்தில் ஒரு மண்டபத்தில் அவருடைய மகள் மதுஜாவுக்குப் பிறந்தநாள் விழா. மேசையில் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. ஜெனீவாவில் ஐ.நா. வாசலில் ஒரு வெளிநாட்டு அமைச்சர் தன் கையைப் பிடித்துக் குலுக்கிய கதையைத் தவச்செல்வன் மறுபடியும் எடுத்துவிட்டார். எதிரே இருந்த அவருடைய தங்கை புருஷன் குகநாதன், ஒரு வசனமாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

அந்த நேரம் பார்த்து யாரோ ஒருவருடைய போன் கைமாறிக் கைமாறி வந்தது. அதில் ஒரு வீடியோ. வெளியாள் உள்ளே போகவும் உள்ளாள் வெளியே வரவும் முடியாத ஒரு தூர தேசம். பெயர் வாயில் நுழையாததால் நம்மாட்கள் அதைப் பூட்டின நாடு என்றே சொல்வார்கள். அதன் புதிய தலைவர், கழுத்து நீண்ட ஓர் இளைஞர், கோழிப்பண்ணை ஒன்றில் ஒரு முட்டையைத் தூக்கிப் பார்க்கிறார். சுற்றி நின்ற தளபதிகள் கைதட்டிக் கண்ணீர் விடுகிறார்கள்.

"இவர் எங்கட ஸ்கூலிலை படிச்சவர்," என்றார் குகநாதன். "மென்சாவிலை நான்தான் சாப்பாடு குடுத்தனான்."

குகநாதன் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் மென்சாவில், அதாவது சாப்பாட்டுக் கூடத்தில், சமையல் வேலை செய்தார். பல தேசத்துப் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற இடம். ஆனால் இந்த முகத்தை அவர் அங்கே ஒருநாளும் கண்டதில்லை.

தவச்செல்வன் கையிலிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தார்.

"உண்மையோ மச்சான்?"

"ஓம். அப்ப வேறை பேரிலை வந்தவர்."

அதன்பிறகு விழா முடியும்வரை எல்லோரும் குகநாதனின் மேசையைச் சுற்றியே நின்றார்கள். அமைச்சரின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. திருமணமாகி வந்த காலத்திலிருந்து குகநாதனுக்கு இப்படி ஒரு நாள் வாய்த்ததில்லை.

மறுநாள் காலையில்தான் வில்லங்கம் தெரிந்தது. தவச்செல்வனின் மகன் பானுஜன் குகநாதன் கதைத்ததைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருந்தான். ஒரு தமிழ் வானொலி கூப்பிட்டது. பிறகு ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகை பள்ளிக்கூடத்துக்கே போன் எடுத்து விசாரித்தது. மாணவர்களின் விபரத்தை வெளியே சொல்வதில்லை என்பது பள்ளிக்கூடத்தின் விதி. ஆகவே ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதைக் கேட்ட பத்திரிகைக்காரருக்கு விஷயம் உறுதியாகிவிட்டது.

அதிபர் அம்மா குகநாதனை அறைக்குக் கூப்பிட்டார். அவர் சொன்னது உண்மை என்றால் மாணவனின் இரகசியத்தை வெளியிட்ட குற்றம், வேலை போகும். பொய் என்றால் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கெடுத்த குற்றம், வேலை போகும். எது என்று திங்கட்கிழமை வந்து சொல்லும்படி மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

குகநாதன் யோசித்தார். பள்ளிக்கூடத்தைக் கழற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். பத்திரிகைக்காரருக்குப் போன் எடுத்து, தான் சொன்னதில் ஒரு சின்னப் பிழை என்றார். அந்தப் பெடியனுக்குப் பள்ளிக்கூடத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை, தங்கள் வீட்டு மேல் அறையில் இருந்தவன், சாப்பாடு போட்டது தன் மனைவி.

ஆஸ்பத்திரி வேலை முடித்து வந்த மனைவி வேணுகா இதைக் கேட்டுச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"நான் எப்ப அவருக்குச் சமைச்சனான்?"

"ஆரும் கேட்டால் ஓம் எண்டு சொல்லும். ரெண்டு நாளிலை மறந்திடுவாங்கள்."

தான் பொய் சொல்லப்போவதில்லை என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டுத்தான் வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போனாள். அங்கே தவச்செல்வனின் மனைவி சுகந்தி, நாலு பேருக்கு முன்னால் சிரித்தபடி, வேணுகாவின் புட்டு கல்லு மாதிரி எல்லோ, பாவம் அந்தப் பிள்ளை என்னெண்டு விழுங்கினதோ என்று கேட்டாள்.

"ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்," என்றாள் வேணுகா. "கத்தரிக்காய்க் குழம்போடை. கையாலை குழைச்சு."

அதற்குப் பிறகு அவளையும் நிறுத்த முடியவில்லை. உறைப்புத் தாங்காமல் அவர் அழுதது, அவள் சீனி எடுத்துக் கொடுத்தது, போகும்போது கும்பிட்டது என்று அர்ச்சனை முடிவதற்குள் ஒரு முழுக் கதை உருவாகிவிட்டது. அதுவும் பத்திரிகைக்குப் போனது.

திங்கட்கிழமை அதிபர் அம்மா அத்தோடு விட்டுவிட்டார். அடுத்ததாக வீட்டு நிர்வாகக் கம்பனியிடமிருந்து அழைப்பு. அனுமதி இல்லாமல் ஓர் ஆளை மேல் அறையில் வாடகைக்கு வைத்திருந்தீர்களாமே என்றார்கள். அந்த ஆள் ஒரு நாட்டையே ஆள்கிறவர் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. அவருடைய பெயர் தபால்பெட்டியில் ஒட்டப்படவில்லை என்பதுதான் அவர்களை வருத்தியது.

குகநாதன் அதையும் திருத்தினார். வாடகைக்கு இருக்கவில்லை, சும்மா வந்து போகிறவர், வீட்டுப் பிள்ளை மாதிரி, தன்னை மாமா என்றுதான் கூப்பிடுவார் என்றார். மறுநாள் பத்திரிகையில் குகநாதனின் படம் அரைப்பக்கத்துக்கு வந்தது. மேலே கொட்டை எழுத்தில், 'சர்வாதிகாரியின் பேர்ண் மாமா.'

அன்று மத்தியானமே பூட்டின நாட்டுத் தூதரகம் கூப்பிட்டது. ஒரு பெண்குரல், சுத்தமான ஜெர்மனில், அடுத்த வார வியாழக்கிழமை தேநீருக்கு வரும்படி சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

அந்த நாட்டில் தலைவர் பேசும்போது கொட்டாவி விட்ட ஒரு மந்திரியை உப்பளத்துக்கு அனுப்பியதாக குகநாதன் முன்பு ஒரு வீடியோவில் பார்த்திருந்தார். கொட்டாவிக்கே உப்பளம் என்றால் மாமாவுக்கு என்ன? துணைக்கு வரும்படி தவச்செல்வனைக் கேட்டார். தவச்செல்வனுக்கு அந்த வியாழக்கிழமை பார்த்து நாரி பிடித்து இடுப்பை நிமிர்த்த முடியாமல் போய்விட்டது.

"போய் எல்லாம் பொய் எண்டு சொல்லுவம்," என்றாள் வேணுகா. "நானும் வாறன். புட்டு எண்டு சொன்னது நான்தானே."

இருவரும் டிராமில் போனார்கள். உயரமான வேலிக்குப் பின்னால், திரைச்சீலை எல்லாம் இழுத்து மூடிய ஒரு வீடு. போனில் கதைத்த மொழிபெயர்ப்பாளப் பெண் கதவைத் திறந்தாள். மெலிந்த, சிரிக்காத முகம். உள்ளே நெஞ்சு நிறையப் பதக்கம் குத்திய கிழத்தூதுவர் எழுந்து நின்றார். சுவரில் கழுத்து நீண்ட தலைவரின் படம். மேசையில் வெள்ளி மூடி போட்ட ஒரு தட்டம்.

தூதுவர் மூடியைத் தூக்கினார். உள்ளே புட்டு. பக்கத்தில் கத்தரிக்காய் என்று நம்பக்கூடிய ஏதோ ஒன்று.

தலைவர் போன கிழமை தொலைக்காட்சியில் ஒரு மணி நேரம் பேசியதாகத் தூதுவர் சொல்ல, அந்தப் பெண் மொழிபெயர்த்தாள். பேர்ணில் ஓர் ஏழை மாமாவும் மாமியும் கையால் சாப்பிடப் பழக்கிய கதையைச் சொல்லி அழுதாராம். நாடே அழுததாம். இப்போது மாதத்தில் ஒரு நாள் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இந்த உணவுதானாம்.

குகநாதன் நாற்காலியின் நுனியில் இருந்தபடியே, தனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினார். மச்சானின் வாயை அடைக்கச் சொன்ன பொய், பள்ளிக்கூடத்துக்காகச் சொன்ன பொய், வாடகைக்காகச் சொன்ன பொய். வேணுகா தன் பங்குக்குப் புட்டையும் சீனியையும் ஒப்புக்கொண்டாள்.

மொழிபெயர்ப்பாளப் பெண் முழுவதையும் கேட்டாள். பிறகு தூதுவரிடம் திரும்பி நாலே சொல் சொன்னாள். தூதுவரின் கண் கலங்கியது. எழுந்து வந்து குகநாதனை இறுகக் கட்டிக்கொண்டார். பதக்கங்கள் குகநாதனின் நெஞ்சில் குத்தின.

வாசல்வரை அந்தப் பெண்தான் கூட வந்தாள். வேலிப் படலையடியில் குகநாதன் நின்றார்.

"நாங்கள் சொன்னதை நீங்கள் அவருக்குச் சொல்லயில்லைத்தானே?"

அவள் படலையைத் திறந்துவிட்டாள்.

"பிள்ளை, எல்லாம் பொய். உங்கட தலைவர் எங்கட வீட்டுக்கு வரவே இல்லை. அது அவருக்குத் தெரியும்தானே?"

தெருவில் ஒரு டிராம் சத்தத்தோடு வந்தது. அது கடக்கும்வரை காத்திருக்காமல், அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவள் குனிந்து சொன்னாள்:

"அவர் எங்கள் நாட்டைவிட்டு வெளியே போனதே இல்லை, ஐயா. ஆனால் நீங்கள் சொன்ன பிறகு அவருக்கே எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது."