ஜெட் எஞ்சினும் ஒரு செவ்வரளிப் பூவும்

விஞ்ஞானம் படித்தவனுக்குப் பேய் பயம் இருக்காது என்று நம்புகிறவர்கள் நான் ஓடியதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எங்கள் ஊர் மாரண்டஹள்ளிப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அப்போது பெங்களூரில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஜெட் எஞ்சினுக்குள் பிறக்கும் சத்தம் அதன் பின்னால் பாயும் புகையோட்டத்தின் வழியாக எப்படி வெளியே பரவுகிறது என்பதுதான் என் படிப்பு. (பெண் வீட்டாரிடம் இதைச் சொன்னால், "அப்ப வேலைக்கு எப்பங்க போவாரு?" என்பார்கள்.) இப்படியே பல வரன்கள் நழுவிப்போய், கடைசியில் பாலக்கோட்டுத் தேன்மொழி சரி என்றாள். எனக்கோ அவளைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. இரு வீட்டாருக்கும் திருப்தி. ஊர்ச் சாமி முனியப்பன் சம்மதம்தான் பாக்கி.

எங்கள் குடும்பங்களில் பூ வாக்குக் கேட்காமல் கல்யாணத்தைப் பேசி முடிப்பதில்லை. சாமி தலையில் பூவை வைத்துவிட்டு எல்லோரும் வாய் திறக்காமல் காத்திருக்க வேண்டும். பூ வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான். அப்பீல் கிடையாது.

பூ கேட்கும் அன்றைக்குத்தான் என் சோதனைக்கும் கடைசி நாள். பொம்மை விமானத்துக்குப் பொருத்தும் சின்ன ஜெட் எஞ்சின் ஒன்றை இரவல் வாங்கி வந்து, தக்காளி பறித்து முடித்த எங்கள் காட்டில் நிறுத்தியிருந்தேன். மறுநாள் திருப்பித் தர வேண்டும். அதற்குள், எஞ்சின் நின்றால் தானும் நின்றுவிடும் ஸ்பீக்கர் ஒன்றை அதோடு பொருத்தி 'ஊ' என்று ஒரே சுருதியில் ஊதவிட்டு, அந்த ஊதல் புகையோடு எந்தப் பக்கம் போகிறது என்று மைக்கில் பிடிக்க வேண்டும். கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

"இன்னிக்கு ஒரு நாளு அந்தக் கருமத்த நிறுத்தி வையேன்டா" என்றார் அப்பா.

அவருக்கு விளக்கினேன். சூடான புகை வேகமாகப் பாயும்போது சத்தம் நேராகப் போகாமல் பக்கவாட்டில் வளைந்து விலகிவிடும். நேர் பின்னால் சத்தம் அடங்கிய பாதை ஒன்று உண்டாகும். ஆகவே எஞ்சினின் வாலைக் கோயிலைப் பார்த்துத் திருப்பிவிட்டால் சாமிக்கு ஒன்றும் கேட்காது. (முனியப்பனை நோக்கி ஜெட் எஞ்சினைத் திருப்பிய ஒரே பக்தன் நான்தான்.) பக்கவாட்டில் விலகிய சத்தம் எங்கே போகும் என்று அப்பா கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

உச்சி வேளை. எஞ்சினை ஓடவிட்டு, சூடு படாத தூரத்தில், அந்த அடங்கிய பாதையிலேயே மைக்கோடு கோயிலை நோக்கி நடந்தேன். ஊதல் தேய்ந்தது, உறுமலும் தேய்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. காக்கை, குருவி எதுவும் இல்லை. என் செருப்புச் சத்தம்கூட யாரோ பின்னால் வருவது போலிருந்தது. கணக்குச் சரியாக வந்த சந்தோஷத்தில் பயப்பட மறந்துவிட்டேன்.

கோயில் வாசலில் கால் வைத்தேன். பிதுங்கிய கண்ணும் ஓங்கிய அரிவாளுமாக முனியப்பன் உட்கார்ந்திருந்தார். தலையில் ஒற்றைச் செவ்வரளி. எதிரே இரு வீட்டாரும் மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள்.

அப்போதுதான் சாமியின் முதுகுப்புறமிருந்து வந்தது அந்த 'ஊ'. நீளமாக, ஏக்கமாக, தொலைந்த யாரையோ தேடுகிற குரலில்.

விலகிப்போன சத்தம் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் கரட்டுக் குன்றில் மோதித் திரும்புகிறது, அவ்வளவுதான். இதை உலகத்தில் வேறு யாரையும்விட நன்றாக அறிந்தவன் நான். ஆனால் அறிந்தவன் மைக்கைப் போட்டுவிட்டு, "ஐயோ முனி" என்று அலறிக்கொண்டு வருங்கால மாமனார் மேல் பாய்ந்து, அவரையும் தள்ளிவிட்டு வேப்பமரம் வரைக்கும் ஓடினான். பூசாரி தரையில் விழுந்து கும்பிட்டார். மற்றவர்கள் என் பின்னாலேயே ஓடி வந்தார்கள்.

குரல் நின்றது. திரும்பிப் பார்த்தபோது சாமி தலையில் பூ இல்லை. கீழே அது எங்கள் ஓட்டத்தில் மிதிபட்டு நாராகக் கிடந்தது. எந்தப் பக்கம் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அங்கேயே நின்றிருந்தவள் தேன்மொழி ஒருத்திதான்.

"நான் பாத்தனுங்க. சோத்தாங்கைப் பக்கந்தான் வுழுந்துச்சு" என்றாள் நிதானமாக.

கல்யாணம் நிச்சயமானது. கையோடு எஞ்சினை நிறுத்த அப்பாவோடு காட்டுக்குப் போனேன். அது ஏற்கெனவே எண்ணெய் தீர்ந்து, ஸ்பீக்கரோடு சேர்ந்து நின்றிருந்தது. அப்பா அதன் வால் குழாயில் கை வைத்து, "சில்லுனு கெடக்குதேடா" என்றார். நான் வந்ததோ சத்தமே கேட்காத பாதை. அது எப்போது நின்றது என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. அப்படியானால் கோயிலில் கேட்டது எது? இருவரும் திரும்பிப் பார்க்காமல் வீடு வந்து சேர்ந்தோம்.

இன்று பெங்களூர் வீட்டில் எங்களுக்குள் வாக்குவாதம் முற்றினால், பிள்ளைகள் முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். தேன்மொழி குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குப் பூ நெசமா எந்தப் பக்கம் வுழுந்துச்சுன்னு சொல்லட்டுங்களா?" என்பாள்.

வேண்டாம் என்று எழுந்து போய்ப் பால் வாங்கி வந்துவிடுவேன்.