இருபது நிமிடச் சோதனை

"அக்கா, அந்த ஊக்கக் கழட்டி வெளிய வெச்சிட்டு உள்ள வாங்க!"

பெர்னார்ட் போட்ட சத்தத்தில் துப்புரவு வேலை பார்க்கும் வெள்ளையம்மா துடைப்பத்தோடு சோதனை அறை வாசலிலேயே நின்றாள்.

"இத்தனூண்டு ஊக்கு என்னா தம்பி செய்யும்?"

"ரேடியோ அலை அதுல பட்டுத் திரும்பிரும்கா. நல்ல மூடியக்கூட கெட்டதுன்னு காட்டிரும்."

"சரி, கோவிக்காதீங்க. இன்னைக்கு மக போகுதுல்ல?"

அந்தக் கவலைதான் அவருக்கு. மாசாய்க்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. ஆன்டெனாக்களையும், மழை வெயில் படாமல் அவற்றைக் காக்கும் மூடிகளையும் சோதிப்பது பெர்னார்டின் வேலை. மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒரு மூடியை அளக்க நாலு மணி நேரம் ஆகும். இன்றைக்குப் புது இயந்திரம். வட்டமாக நிற்கும் சென்சார்கள் ஒரே மூச்சில் அளந்துவிடும், இருபதே நிமிடம்.

மூன்று மூடி, ஒரு மணி நேரம். அதை நம்பித்தான் வழியனுப்ப வருவதாக மகள் ஆட்ரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். படிக்கக் கூச்சிங் நகரத்துக்குப் போகிறாள்; ஐந்தரைக்குச் செனாயில் விமானம். அவளுடைய பரிசளிப்பு விழா, பிறந்தநாள் எல்லாவற்றையும் வேலைக்குத் தின்னக் கொடுத்த மனிதர். இதையாவது விடக்கூடாது.

கணினியில் தொங்கும் அந்தோணியார் பதக்கத்தைத் தொட்டுக் கும்பிடக் கை நீட்டினார். காணவில்லை. தேட நேரமில்லை.

முதல் மூடியை மேடையில் வைத்தார். திரையில் ஓரிடத்தில் கோடு புடைத்து நின்றது. கெட்ட மூடி. இரண்டாவதிலும் அதே இடத்தில் புடைப்பு. மூன்றாவதிலும்.

"மூணும் எப்படிலா கெடும்?" என்றார் மேனேஜர் ஹேமநாதன். "மூடி இல்லாம ஒருவாட்டி அளந்து பாருங்க."

"அத நேத்தே அளந்தாச்சு பாஸ். இன்னொரு இருபது நிமிஷம் எதுக்கு வேஸ்ட்?"

மிச்சம் பிடித்த நேரத்தில் மூடிகளைத் துடைத்துத் துடைத்து அளந்தார். புடைப்பு அசையவில்லை. சென்சாரில்தான் கோளாறு என்று ஒரு வயரை இழுத்தார். பாதி சென்சார்கள் செத்தன.

"அலமாக்!" ஹேமநாதன் தலையில் கை வைத்தார். "அஞ்சு மணிக்கு லாரி வருது. பழைய மாதிரியே ஒரு மூடியாவது அளந்து குடுத்துட்டுப் போங்க."

மணி ஒன்று.

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"இதோ, வழியில வந்துகிட்டு இருக்கேம்மா."

"பின்னால மெஷின் சத்தம் கேக்குதுப்பா."

பெர்னார்ட் அவசரமாகப் போனைக் கையால் பொத்தினார்.

"பரவால்லப்பா. நேரத்துக்குச் சாப்பிடுங்க. அடுத்த வருஷம்தான் வருவேன்."

ஐந்து மணிக்குச் சோதனை முடிந்தது. அதே இடம், அதே புடைப்பு. லாரி காலியாகத் திரும்பியது.

ஐந்தே முக்காலுக்கு வெளியே வந்து மோட்டார் சைக்கிள் அருகில் நின்றார். மேலே ஏதோ ஒரு விமானம் போனது. அதுவாக இருக்காது என்று தெரிந்தும் கையசைத்தார்.

"என்னா தம்பி, இன்னும் போகலியா?" வெள்ளையம்மா பையோடு வந்து நின்றாள். "வேலை சட்டுனு முடிஞ்சு மகளப் பாக்கட்டும்னுதானே, காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே உங்க அந்தோணியார் பதக்கத்த அந்த மேடைக்கு அடியில ஒட்டி வெச்சேன், சாமியெல்லாம் ஊக்குக் கணக்குல வராதுல்ல?"