எல்மர் கடை வாசல் குழி

லார்ச் கிரீக்
1952 ஜூலை 16

விக்டோரியா தலைமைச் செயலகத்தில் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய மச்சான் சிரில் அவர்களுக்கு, தங்கள் தங்கை வினிஃப்ரெட்டின் புருஷன் ஆங்கஸ் பணிவுடன் எழுதுவது. இங்கே ரொட்டிக்குக் குறைவில்லை. தூக்கம்தான் இல்லை.

நான் பன்னிரண்டு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கின் ரோடு ஃபோர்மேன். லிபரல் கட்சி கொடுத்த வேலை; கட்சி தோற்றால் வேலையும் போகும். கன்சர்வேடிவ்காரர்களோடு நம் கூட்டணி முறிந்து, வேட்பாளர் பெயருக்கு நேரே ஒன்று, இரண்டு என்று எண் போடும் புது ஓட்டுச் சீட்டும் வந்ததா, நான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். "ஒண்ணு நம்ம ஹெக்டருக்கு. ரெண்டை மறந்தும் அந்தக் கன்சர்வேடிவ் பயலுக்குப் போட்டுடாதீங்க. சோஷியல் கிரெடிட்னு ஒரு புதுக் கட்சியில தீவனக்கடை எல்மர் நிக்கிறாரே, அவருக்குப் போட்டுத் தொலைங்க. அவர் எங்கே ஜெயிக்கப் போறாரு?" வாழ்க்கையில் முதல் தடவையாக ஊரே என் பேச்சைக் கேட்டது.

எண்ணினால் கன்சர்வேடிவ் முதல், எல்மர் இரண்டாவது, நம்ம ஹெக்டர் கடைசி. கடைசி ஆளைக் கழித்துவிட்டு, அவர் சீட்டுகளில் ‘இரண்டு’ யாருக்கு என்று பார்த்தார்கள். அத்தனையும் எல்மருக்கு. எல்மர் ஜெயித்துவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன், மச்சான்.

இதில் இன்னொரு வினை. எல்மர் லிபரல் இல்லையே என்று அவர் கடை வாசல் ரோட்டுக்குப் பன்னிரண்டு வருஷமாக ஒரு கூடை ஜல்லிகூட நான் போட்டதில்லை. அங்கே இருந்த குழியில் கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம். பயந்துபோய் நேற்று விடிந்ததும் இரண்டு லாரி ஜல்லி கொட்டி மூடினேன். உங்கள் தங்கை சொல்கிறாள், "இப்போ போய் மூடினா, இத்தனை நாள் வேணும்னேதான் விட்டேன்னு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி." கார் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடுகிறேன். உங்கள் ஆபீசில் வாட்ச்மேன் வேலையாவது பிடித்துக் கொடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

அக்காவுக்கும் குழந்தைகளுக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், தோற்காத கட்சியும் அருளட்டும்.

தங்கள்,
ஆங்கஸ்

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடுப்பில் போடுங்கள். எல்மர் இப்போதுதான் வந்துவிட்டுப் போனார். "வேலை உன்னோடதுதான்யா. அந்தக் குழியில விழுந்த வண்டியையெல்லாம் என் குதிரையைக் கட்டி இழுத்துவிட்டேனா, அப்படித்தான் ஊர்ல எல்லாரும் எனக்குப் பழக்கம். அதை எதுக்கு மூடின?" என்று கோபித்துக்கொண்டார். அடுத்த தேர்தலும் சீக்கிரம் வருமாம். மண்வெட்டியோடு கிளம்புகிறேன்.