மூலைக் கடைக்கு எதிரே ஒரு டிக்

“அடையாறு: பரவாயில்லை. பாண்டி பஜார்: அதைவிடக் குறைவு. மூலைக் கடை: கொள்ளை.”

ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை, காலை பத்து ஐந்து என்று நேரம் வரை குறித்த இந்தத் துண்டுச் சீட்டு என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. எழுதியவர், மந்தைவெளியில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர். தெருவுக்கு அவர் அட்டை மாமா. கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டு உயிர் வாழ்கிறவர்கள் சென்னையில் ஏராளம். அந்த மாத்திரைக்கு விலை கேட்பதற்காகவே உயிர் வாழ்ந்தவர் அவர் ஒருவர்தான்.

மூத்த குடிமக்களுக்கான இலவச பஸ் டோக்கன் மாதம் பத்து. பத்தும் இதற்கே. மருந்துக் கடை கடையாக ஏறி, காலி மாத்திரை அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டுவார்.

“இது என்ன விலை?”

“எத்தினி அட்டை வோணும் சார்?”

“வாங்க வரலை. விலை மட்டும் சொல்லு.”

“இன்னா சார், போன வாரமும் கேட்டுக்கினு போனே. இது இன்னா தங்கமா, டெய்லி ரேட் மாற?”

ஒருமுறை தி.நகரில் மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு என்று கண்டுபிடித்துவிட்டார். தெருவில் நாலு பேர் ஓடிப்போய் இரண்டு மாதத்துக்கு வாங்கி வந்தார்கள். வீட்டில் பிரித்தால் அட்டைக்குப் பதினைந்துக்குப் பதில் பத்து மாத்திரைதான். அன்று மாலை நாலு வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் முதல் பட்டியலில் ‘மாத்திரை ஒன்றுக்கு’ என்று தனிப் பத்தி.

சிரிக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது என்பது டாக்டர் கட்டளை. ஒருநாள் மாமி படியிறங்கி வந்தார்.

“டப்பால ரெண்டே மாத்திரைதான் இருக்கு. கேட்டா, அசோக் நகர் இன்னும் பாக்கலைங்கறார். நீங்க மூலைக் கடைலேர்ந்து ஒரு அட்டை வாங்கிண்டு வந்துடுங்கோ. அவருக்குத் தெரிய வேண்டாம்.”

வாங்கி வந்தேன். மாமி மாத்திரைகளைப் பிதுக்கி டப்பாவில் போட்டுவிட்டு, காலி அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். அதன் பிறகு இதுவே வழக்கமாயிற்று. மாமாவுக்கோ பெருமை தாங்கவில்லை.

“பாத்தேளா சார், நிதானமா விலை பாத்து வாங்கினா, மாத்திரை எத்தனை நாள் வரது!”

மாமா போன பிறகு அவருடைய பட்டியல் நோட்டை மாமி என்னிடம் கொடுத்தார். மாதாமாதம் மூலைக் கடைக்கு நேரே ‘கொள்ளை’. சில இடங்களில் மட்டும் அதன் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக், கீழே தேதி. என் டைரியோடு ஒப்பிட்டேன். ஒன்பது டிக். ஏழு, நான் கடைக்குப் போன நாட்கள். மற்ற இரண்டு நாளும் நான் ஊரிலேயே இல்லை.

மாமியைக் கேட்டேன். “நான் யாரையும் அனுப்பலையே. டப்பால மாத்திரை இருந்துதே!” என்றார். கடையும் இப்போது கைமாறிவிட்டது, விசாரிக்க ஆளில்லை.

அந்த இரண்டு நாளும் மூலைக் கடைப் படியேறி, விலையே கேட்காமல் வாங்கி வந்து, சத்தமில்லாமல் டப்பாவை நிரப்பியவர் அட்டை மாமாதான் என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் இன்றுவரை அது உறுதியாகவில்லை.