இரண்டு கையெழுத்தும் மூன்று பிரியாணிப் பொட்டலமும்

என் 1979ஆம் ஆண்டு நாட்குறிப்பில் மார்ச் மாதப் பக்கம் ஒன்றில் இப்படி இருக்கிறது: "வெள்ளி. பகல் 12.10. சமாதானக் கூட்டம். மூன்று பிரியாணி." எண்ணெய்க் கறை தேதியை மறைத்துவிட்டதால், எத்தனையாவது வெள்ளி என்று சொல்ல முடியவில்லை. எதையும் தேதியோடு குறித்துவைப்பவன் நான். கிழமைக்கும் ஓர் அர்த்தம் இருப்பதைத்தான் கவனித்ததில்லை.

அப்போது சிங்கப்பூரில், செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. கிடங்குப் பொறுப்பாளர் கந்தையா, யாழ்ப்பாண வழிவந்தவர். போர்மேன் ஆரோக்கியசாமி, மாதாகோயில் காரியங்களில் முன்னால் நிற்பவர். கிடங்கிலிருந்து சாமான் வெளியே போக இருவரும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். யாருடையது மேலே வருவது என்பதில் தகராறு. நான்கு மாதமாகப் பேச்சில்லை. எட்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் நான்தான் தபால்காரன்.

கையெழுத்தில்லாத ஒரு தாளால் ஒரு கப்பலே காத்துக்கிடந்தது. திங்கட்கிழமைக்குள் ஒத்துப்போகாவிட்டால் ஒருவரை ஜூரோங் கிளைக்கு மாற்றப்போவதாக மேலாளர் சொன்னார். சேவைக்காலம் குறைந்தவர் ஆரோக்கியசாமி. மாற்றல் வந்தால் நிறுவனக் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டும். அவர் மனைவி படுத்த படுக்கை. பகலில் எதிர்வீட்டு அம்மாள்தான் பார்த்துக்கொண்டார்.

"நான் பார்த்துக்கொள்கிறேன் சார்" என்றேன். (யாரும் கேட்கவில்லை.)

உண்மை முழுவதும் தெரிந்தால் மனிதர்கள் சமாதானமாகிவிடுவார்கள் என்று எதிலோ படித்திருந்தேன். நான்கு மாதச் சண்டையைத் தேதிவாரியாக ஒன்பது பக்கம் எழுதினேன். வெள்ளி காலை விடுப்பு எடுத்து, சிராங்கூன் சாலைக்குப் பஸ் ஏறி, ஆட்டிறைச்சிப் பிரியாணி வாங்கிவந்தேன்.

பகலில் கிடங்கிலேயே இருவரையும் உட்காரவைத்து, ஒன்பது பக்கத்தையும் படிக்கத் தொடங்கினேன். "டிசம்பர் முதல் வாரம். கந்தையாவைப் பற்றி ஆரோக்கியசாமி என்னிடம் சொன்னது: 'பேனாவுக்குக் காவல் நிக்கிற கிழவன்.' அதே வாரம், ஆரோக்கியசாமியைப் பற்றிக் கந்தையா சொன்னது: 'சுத்தியலைத் தவிர வேறொண்டும் தெரியாது.'"

இரண்டுமே என்னை நம்பித் தனியே சொன்னவை. ஆரோக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டார். கந்தையா எழுந்துவிட்டார். நிலைமையைக் காப்பாற்ற அவசரமாகப் பொட்டலங்களைப் பிரித்தேன்.

கந்தையா உற்றுப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையில மச்சமோ?" (இறைச்சி, மீன் எல்லாமே அவருக்கு மச்சம்தான்.)

ஆரோக்கியசாமி பொட்டலத்தைத் தள்ளிவைத்தார். "தவக்காலம் தம்பி, ஈஸ்டர் வரைக்கும் நோன்பு. அதுவும் வெள்ளி. ஒம்பது பக்கம் தேதி எழுதுனியே, இது கண்ணுல படலையா?"

கந்தையா மெல்ல அவர் பக்கம் திரும்பினார். "நீங்களும் இண்டைக்குச் சாப்பிட மாட்டீங்களோ?"

"மாட்டேங்க ஐயா."

நான்கு மாதத்தில் முதல் பேச்சு. (12.25 என்று குறித்திருக்கிறேன்.)

"இந்தப் பெடியனை வச்சுக்கொண்டு என்ன செய்யிறது?" என்று கந்தையா என்னைக் காட்டினார்.

"அதான் எனக்கும் தெரியலை லா." (சிங்கப்பூரில் பாதிப் பேச்சு 'லா'வில்தான் முடியும்.)

கந்தையா தன் டிபன் பெட்டியைத் திறந்தார். தயிர்ச்சோறு, கத்தரிக்காய்ப் பொரியல். பாதியை மூடியில் வைத்து நகர்த்தினார்.

"வீட்டில அவவுக்கு இப்ப எப்படி?"

ஆரோக்கியசாமி மூடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அப்படியேதான் கிடக்குறா ஐயா. என்னை மாத்திட்டா அவளை எங்க கொண்டுபோய் வைப்பேன்?"

"மாத்த விடமாட்டன். சாப்பிடுங்கோ."

இருவரும் சாப்பிட்டார்கள். மூன்று பொட்டலங்களுக்கு முன்னால் நான் தனியே நின்றிருந்தேன். என்னைச் சாப்பிடச் சொல்ல ஆளில்லை.

திங்கட்கிழமை ஜூரோங் மாற்றல் உத்தரவு வந்தது. என் பெயருக்கு. கிடங்கில் அமைதி நிலவ வேண்டுமானால் நான் அங்கே இருக்கக் கூடாது என்று இருவரும் சேர்ந்து மனு கொடுத்ததாக மேலாளர் சொன்னார். மூன்று ஆண்டுகள் இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனேன். ஆரோக்கியசாமி வீட்டைக் காலிசெய்யவில்லை.

இன்றும் நான் எந்த விருந்துக்காவது நாள் குறித்தால், "கிழமையைப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்பாள். பிள்ளைகள் கோரஸாக "ஜூரோங்!" என்பார்கள்.

அந்த மனுவை நான் பார்த்ததில்லை. அதில் யாருடைய கையெழுத்து மேலே இருந்தது என்று பின்னாளில் இருவரையும் தனித்தனியே கேட்டேன். கந்தையா, ஆரோக்கியசாமியுடையது என்றார். ஆரோக்கியசாமி, கந்தையாவுடையது என்றார். எது சரி என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.