காலி மரங்கள்

மரகதபுரி மன்னருக்கு ஒரு காடு இருந்தது. வருடத்தில் எட்டு மாதம் மழை பெய்யும் காடு. அவர் அதைப் பார்த்ததில்லை. ஆனால் வெளிநாட்டு அரசர்கள் அதைப் புகழ்ந்தபோது கண்கலங்கி, "இன்று முதல் இக்காடு பாதுகாக்கப்படும்" என்று அறிவித்தார். காட்டுக்குக் கெட்ட காலம் அன்றுதான் தொடங்கியது.

பாதுகாப்பென்றால் முதலில் ஆட்களை வெளியேற்ற வேண்டுமல்லவா? காட்டிலேயே பிறந்த குடிகளை அடிவாரத்துத் தகரக் கொட்டகைகளுக்கு மாற்றினார்கள். அடுத்து, பாதுகாப்புத் துறைக்கு மாளிகை வேண்டும்; மாளிகைக்கு மரம் வேண்டும். உயிர்கள் குடியிருக்காத மரங்களை மட்டும் வெட்டலாம் என்று சட்டம் வந்தது. மன்னரின் இரக்கத்தை எல்லோரும் மெச்சினார்கள்.

கணக்கெடுக்க வந்த அதிகாரி புகழேந்திராயர். அந்த நாட்டில் அதிகாரிகள் எந்த வீட்டுக்குப் போனாலும் கோலால் மூன்று முறை தட்டுவார்கள். யாரும் வெளியே வராவிட்டால் வீடு காலி என்று எழுதிவிடுவார்கள். காட்டுக்கும் அதே முறைதான். தலைநகரத்துக்குத் தண்ணீர் தரும் ஆற்றின் ஊற்றுக்கு மேலே நின்ற முதிய நாங்கு மரத்தை ராயர் தட்டினார். மேலே பொந்து மண்ணால் பூசப்பட்டிருந்தது. எதுவும் வெளியே வரவில்லை.

கொட்டகையிலிருந்து ஓடிவந்து மறித்தாள் செம்பி. அவள் குடும்பம்தான் தலைமுறைகளாக அந்த மரத்துக்குக் காவல்.

"அய்யா, உள்ள இருவாச்சி அடை காக்குது. பொந்த அதுவேதான் பூசிக்கிச்சு. ஆண் பறவ பழம் கொண்டாந்து சந்து வழியா ஊட்டும். ரெண்டு மாசம் பொறுங்க, குஞ்சோட வந்துரும்."

"ஆட்சேபம் இருந்தால் உள்ளே இருப்பவர் வெளியே வந்து தெரிவிக்கலாம். நமது ஆட்சியில் கருத்துரிமை முழுமையாக உள்ளது."

"றெக்கையெல்லாம் உதுந்து கெடக்குதுங்க. எப்படி வரும்?"

"வராதவர்கள் சம்மதித்தவர்கள். நீ யார், காட்டுக்குடியா?"

"ஆமாங்க."

"காட்டில்தான் குடிகளே இல்லையே" என்று ராயர் அரசாணையை விரித்துக் காட்டினார். அதில் பிழை ஏதும் இல்லை.

மரம் விழ ஒரு பகல் முழுவதும் பிடித்தது. உடைந்த பொந்தருகே செம்பி ஓடிப்போய்ப் பார்த்தாள். பார்க்காமல் இருந்திருக்கலாம். மாலையில் ஆண் பறவை அலகில் பழத்தோடு வந்து, மரம் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. மறுநாளும் வந்தது. செம்பி அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

அப்படி நானூறு மரங்கள் விழுந்தன. இலைமறைவில் வாழ்ந்த பறவைகளெல்லாம் உட்கார இடமின்றி வானத்தில் அலைந்தன. ராயர் அண்ணாந்து பார்த்து எண்ணினார். "முன்பு கண்ணில் பட்டவை ஏழு. இப்போது அறுபது. பாதுகாப்பு பலனளித்திருக்கிறது" என்று அறிக்கை எழுதினார். மன்னருக்கு வெளிநாட்டுப் பதக்கம் வந்தது.

மூன்றாம் கோடையில் ஆறு வற்றியது. தலைநகரத்து மக்கள் காலிக் குடங்களோடு வீடுகளை விட்டு வெளியேறி, வீதி கொள்ளாமல் நின்றார்கள். மாடத்திலிருந்து மன்னர் நெடுநேரம் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ராயரே, நம் குடிமக்கள் இவ்வளவு பெருகிவிட்டார்களா?"

"ஆம் மன்னா" என்று ராயர் எண்ணத் தொடங்கினார்.