அழுகண்ணிக்கு நான் வைத்த விருந்து

ஓய்வு பெற்ற மனிதனுக்கு வீட்டார் ஏதேனும் ஒரு வேலையைக் கொடுத்துவிட வேண்டும். இல்லையேல் அவனே ஒன்றைத் தேடிக்கொள்வான்; அதன் பலனை எல்லோரும் சேர்ந்து அனுபவிக்க நேரும். என் வீட்டார் இன்றளவும் அனுபவித்து வருகின்றனர். இதை எழுத உட்காரும்போதே எனக்கு அலுப்புத் தட்டுகிறது. ஆயினும், என் மனைவி சொல்லும் கதையே எங்கள் தெரு முழுதும் நிலைபெற்றுவிட்டபடியால், என் தரப்பையும் ஓரிடத்தில் பதிந்து வைப்பது முறையெனக் கருதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில், பச்சைத் தோல் வந்திறங்கும் பகுதிக்கு மேற்பார்வையாளனாக இருந்தவன் நான். ஓய்வு பெற்ற புதிதில் அழுகண்ணிச் செடி வளர்க்கத் தொடங்கினேன். சட்டைப் பொத்தான் அளவே உள்ள செடி. இலையெங்கும் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத்துளி. அதை நீரென்று நம்பி வந்தமரும் பூச்சி ஒட்டிக்கொள்ளும். இலை மடிந்து அதை உண்டு செரிக்கும். எங்கள் ஊர்க் குழாய் நீரின் உப்பை இச்செடி தாங்காது. ஆகவே ஏ.சி. வடிக்கும் நீரை வாளியில் பிடித்து, மொட்டைமாடித் தொட்டிகளுக்கு ஊற்றி வந்தேன். (நீர் வேண்டுமென்பதற்காக ஆளில்லாத அறையில் ஏ.சி. ஓடும். நாங்கள் கூடத்தில் விசிறிக்கடியில் வியர்த்துக்கொண்டிருப்போம்.)

இச்செடிகளைச் சேகரிப்போர் அலைபேசியில் ஒரு குழு வைத்திருந்தனர். வேலூரில் செவிலியராகப் பணிபுரியும் ஸ்டெல்லா சிஸ்டரை அங்கேதான் அறிந்தேன். ஆஸ்திரேலிய வெப்பப் பகுதியைச் சேர்ந்த, வெள்ளி ரோமம் போர்த்திய அழுகண்ணி ஒன்று அவரிடம் இருந்தது. அது ஒரே ஒரு பக்கக் கன்று விட்டிருந்தது. அக்கன்றின்மேல் நான் கொண்ட ஆசையை, என் திருமணத்தின்போதுகூட வேறெதன்மீதும் கொண்டதில்லை. (இவ்வரியை மனைவி படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

சிஸ்டர் தொலைபேசியில் ஒளிவு மறைவின்றிப் பேசினார்.

"ஐயா, போட்டோ பாத்தேன். செடிங்க உயிரோட இருக்குது, அவ்ளோதான். ஒரு இலையிலகூட பூச்சி இல்ல. பட்டினி போட்டு வெச்சிருக்கீங்க."

"மாடிக்குப் பூச்சி வருவதில்லையம்மா," என்றேன்.

"ஞாயித்துக்கெழம சர்ச் முடிஞ்சி நேர்ல வர்றேன். செடிங்க நல்லா சாப்ட்டிருந்தா கன்னு உங்களுக்கு. இல்லன்னா தப்பா நெனைக்காதீங்க, மேல்விஷாரத்துல ஒருத்தர் கேட்டுக்கினே இருக்காரு."

மேல்விஷாரத்துக்காரரை நான் கண்டதில்லை. ஆயினும் அக்கணமே வெறுத்தேன். பூச்சியை வரவழைக்கும் வித்தை, பச்சைத் தோலோடு வாழ்ந்தவனுக்கா தெரியாது? பழைய தொழிற்சாலைக்குச் சென்று, என்னோடு பணிபுரிந்த அன்வர் பாயிடம், தோலின் ஓரத்தில் சதையோடு வெட்டியெறியும் துண்டு ஒன்று கேட்டேன்.

"இன்னா சார், ரிட்டயர் ஆகியும் தோல வுட மாட்டேன்றீங்க. இது இன்னாத்துக்கு?"

"செடிகளுக்கு விருந்து வைக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல அக்காவுக்குத் தெரியுமா?"

"பள்ளிகொண்டாவில் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள்."

"அப்போ நான் குட்த்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிட்டு வைப்பார்கள். உப்பிருந்தால் ஈ நெருங்காது. ஆகவே ஏ.சி. நீரிலேயே உப்பைக் கழுவிக் களைந்து, ஈரச்சாக்கில் சுற்றி, செடிகளுக்கு அருகே தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்தேன். அனுபவம் பேசியது. நாற்றத்தைப் பற்றி எண்ணவேயில்லை. தோல் கிடங்கில் என் மூக்கு எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டிருந்தது.

ஞாயிறு காலை மாடியேறினேன். ஈக்கள் வந்திருந்தன. பச்சையும் நீலமுமாக, நாவற்பழக் கொட்டை பருமனில், உறவுகளையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தன. அவற்றில் ஒன்று என் செடிமேல் அமர்ந்தது. கால் ஒட்டிக்கொண்டது. ஈ ஒரு முறை உதறி மேலெழும்பிற்று; செடியும் வேரோடு உடன் எழும்பிற்று.

சாக்கைச் சற்று விலக்கி வைத்தாலாவது சிறு பூச்சிகள் வருமோ என்று, அதைக் கையால் நகர்த்தினேன்; கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன். அப்போது கீழே அழைப்புமணி ஒலித்தது. பள்ளிகொண்டாவிலிருந்து திரும்பிய மனைவி சரோஜாவும் ஸ்டெல்லா சிஸ்டரும் வாசலில் ஒன்றாக நின்றிருந்தனர்.

"இன்னாங்க இது நாத்தம்! எலி கிலி செத்துப்போச்சா?" என்றாள் சரோஜா.

"எனக்கொன்றும் தெரியவில்லையே," என்றேன். மூக்கைப் பொறுத்தவரை அது உண்மை.

கூடத்தில் அமர்ந்தோம். என்னைத் தொடர்ந்து இறங்கிவந்த ஈக்கள் காப்பியைச் சீந்தவில்லை. என் வேட்டிக் கரையில் வரிசையாக அமர்ந்தன. சிஸ்டரின் முகம் மாறியது. செடியைப் பார்க்க வந்தவர் மறைந்து, செவிலியர் எதிரே அமர்ந்திருந்தார்.

"ஐயாவுக்கு சுகர் இருக்குதாம்மா?"

"ஜாஸ்தியாவே இருக்குது சிஸ்டர்."

"கால்ல புண்ணு எதனா?"

"இருந்தாலும் சொல்ல மாட்டாருங்க. எதத்தான் சொல்றாரு?"

"ஐயா, கால நீட்டுங்க."

"கால்கள் நலமாகவே உள்ளன," என்றேன், இயன்ற கண்ணியத்தோடு.

"ஆபரேஷனுக்குப் போற வரைக்கும் எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. நீட்டுங்க."

நீட்டினேன். அலைபேசி விளக்கைப் பிடித்து, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். சரோஜா அழத் தொடங்கினாள். "பாவி மனுஷா, எத்தினி நாளா மறைச்சி வெச்சிருக்கே?" அழுகிய காலா, அழுகிய தோலா, எது அதிக மரியாதை என்று ஒரு கணம் யோசித்தேன். (உண்மையாகவே யோசித்தேன்.) அவள் ஆட்டோ அழைக்க எழுந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மூவரும் மாடியேறினோம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிஸ்டர் தோலைப் பார்த்தார், ஈக்களைப் பார்த்தார், வேரோடு பெயர்ந்து கிடந்த செடியைப் பார்த்தார்.

"ஐயா, இந்த ஈ உங்க செடிய தின்னுடும். இதுங்களுக்குப் பொடி ஈ போதும். கனிஞ்ச வாழப்பழம் ஒண்ணு பக்கத்துல வெச்சா தானா வந்துடும்."

சரோஜாவின் அழுகை சட்டென நின்றது. "கிச்சன்ல பழம் வெச்சா பொடி ஈ மொய்க்குதுன்னு, தாரோட தூக்கிப்போட்டவரு சிஸ்டர் இவரு!"

சிஸ்டர் பையிலிருந்து கன்று இருந்த சிறு தொட்டியை எடுத்தார். என் கைகள் தாமாக நீண்டன. அவர் என்னைக் கடந்து சென்று அதைச் சரோஜாவிடம் கொடுத்தார்.

வெள்ளி ரோம அழுகண்ணி இன்று சமையலறையின் கிழக்கு ஜன்னலில், வாழைத்தாரின் அருகே, நன்றாக உண்டு கொழுத்திருக்கிறது. ஏ.சி. நீரைச் சுமந்து வருவது மட்டும் என் பொறுப்பு. வாளியோடு நான் வாசற்படியில் கால் வைத்ததும், அடுப்பிலிருந்து திரும்பாமலே குரல் வரும்: "மொதல்ல கால காட்டுங்க." விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளும் அதையே சொல்கின்றனர். வாளியை இறக்கி வைத்துவிட்டு, முதலில் வலது காலையும் பிறகு இடது காலையும் காட்டிவிட்டு உள்ளே போகிறேன். மறுத்துப் பேச எனக்கு இப்போது தெம்பில்லை.